முன் இடது சக்கரமும் உன் அப்பாவின் கோபமும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, பாத்திரமும் இல்லை. பதில் தெரியாமல்தான் ஓடினேன். "அம்மா, அப்பாவுக்கு இன்னும் என் மேல கோபமா? உண்மையச் சொல்லுங்க. கோபம் இருந்தா நான் டிக்கெட் போடல. நெத்மியக் கூட்டிட்டு வந்து, அவ முன்னால அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா என்னால தாங்க முடியாது" என்றாய். அன்றைக்கு எனக்கும் அதே பயம் இருந்தது. இன்றைக்கு இல்லை. பதில் கிடைத்துவிட்டது. அது கிடைத்த இடம் நம் வெள்ளைக் காரின் முன் இடது சக்கரம். சிரிக்காதே, முழுவதும் வாசி. போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, ஒபிஸ் வந்திருச்சு" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லியே ஓய்வு பெற்றவள் நான், சுருக்கமாக எழுத எனக்கு வராது.

முதலில் அந்தப் பழைய போன் கதை. நீ மெல்பேர்னில் நெத்மியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தியை முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாய். எங்களைக் கேட்காமல் செய்தாயே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, அதை அன்றே உன்னிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். அப்பா அப்படிக் கொட்டவில்லை. போனைக் காதில் வைத்து, "ம்... சரி... சரி" என்றார். பிறகு "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று என்னிடம் நீட்டிவிட்டு, கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். "நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட பரவாயில்லம்மா" என்று நீ அழுதாய். உன்னோடு பேசி முடித்துவிட்டு நான் தோட்டத்துக்குப் போனேன். அவர் எதிரில் நின்று, கழுத்தைச் சுற்றித் தாலி கட்டுவது போல விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். என்ன சொல்கிறீர்கள் இதற்கு என்று அர்த்தம். அவர் வாயைப் பிளந்தார். வாளியைக் கீழே போட்டார். அப்புறம் சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. அன்று மாலையே அம்பிட்டிய சந்தி பேக்கரிக்குப் போய் கேக் வாங்கிவந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். "நீங்க சமாதானத்துக்குச் சொல்றீங்க" என்றாய். அதன் பிறகு நீ எப்போது கூப்பிட்டாலும் அவர் "நல்லா இருக்கியா? சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பதோடு முடித்துக்கொண்டால், நீ வேறு என்னதான் நினைப்பாய்?

கையால் பேசுவது நம் வீட்டில் புதிதல்ல, உனக்குத் தெரியும். ஹேவாஹெட்ட பக்கம் தேயிலை உருட்டி அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த காலமெல்லாம் அப்பா உருளை இயந்திரங்களுக்கு நடுவில்தான் நின்றார். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. அதனால் ஸ்டோர் ஆட்கள் எல்லோருக்கும் கையில் ஒரு பாஷை இருந்தது. இலை போதும், இலை போதாது, சூடு ஏறிவிட்டது, பேரிங்கில் மண் விழுந்துவிட்டது, டீ குடிக்கப் போவோமா, எல்லாவற்றுக்கும் ஒரு கையசைவு. அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டோர் வாசலில் நிற்பாய். அவர் உள்ளேயிருந்து விரல்களைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோய், புருவத்தைத் தூக்குவார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் கட்டிக்கொடுத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு வந்த நீ, இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாய். அவர் தேநீரோடு தின்ன வைத்திருக்கும் பணிஸ் ரொட்டியில் பாதி உனக்கு வரும். அந்தத் திருட்டு எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் அந்தப் பாஷையில் தேறிவிட்டேன். தேநீர் வேண்டுமா என்று வாயால் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள். கதைக்கு இது வேண்டும்.

இப்போது காருக்கு வருகிறேன். கண்டியில் ஓடுகிற காருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதன் வியாதி சீக்கிரம் வெளியே தெரியாது. அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு இறங்குவதற்குள் முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு ஆட்டோ, வளைவுக்கு வளைவு ஹோர்ன். நாற்பதைத் தாண்டி முள் போவதே இல்லை. தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டோம். வழக்கம் போல நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் இடது பக்கம். கடுகண்ணாவ இறக்கமெல்லாம் முடிந்து, கேகாலை தாண்டி, பாதை கொஞ்சம் நீளமாக விரிந்த இடத்தில் அறுபதைத் தொட்டேன். உடனே "ஊங்..." என்று ஒரு சத்தம். அடுத்த வீட்டில் யாரோ கிரைண்டரில் மாவு அரைப்பது போல. வேகத்தைக் குறைத்தால் குறைகிறது, கூட்டினால் கூடுகிறது. "என்னங்க, ஒரு சத்தம் கேக்குதா?" என்றேன். "ம்" என்றார். "டயரா இருக்குமோ?" "ம்." எனக்குக் கோபம் வந்தது. "இல்ல, பின்னால ஒரு பிளேன் வருதா?" என்றேன். அதற்கும் "ம்". கல்யாண வீடு வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, அது கார் இல்ல, உங்க காது. வயசானா அப்படித்தான் காதுக்குள்ள இரையும். அப்பாவுக்கு ஒண்ணும் கேக்கலைன்னா பாருங்களேன். காரை வித்துட்டு ஆட்டோவுல போங்க" என்றாய். வகுப்பில் கடைசி வாங்கில் யார் குசுகுசுக்கிறான் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேர் சொல்லிக் கூப்பிட்டவள் நான். என் காதையா சொன்னாய்? வந்த ரோஷத்தில், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து உன் முகத்தில் எறியாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நீயும் அங்கே கார் ஓட்டுகிறாய். உனக்கும் உதவும், கவனமாக வாசி.

முதல் கேள்வி, சத்தம் எஞ்சினிலா சக்கரத்திலா? தென்னக்கும்புர பாலம் தாண்டி குண்டசாலைப் பக்கம் போனால் பாதை கொஞ்சம் சமமாக இருக்கும். அங்கே ஒரே வேகத்தில் போய்க்கொண்டே கியரை மட்டும் மாற்றிப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது. "ஊங்" மட்டும் அசையவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் அடங்கியது, "ஊங்" அடங்கவில்லை. அப்படியென்றால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. அடுத்தது டயரா என்று பார்க்க வேண்டும். டயர்ச் சத்தம் பாதைக்குப் பாதை மாறும். புதிதாகத் தார் போட்ட கார்ப்பட் பாதையில் ஒரு மாதிரி, பழைய பாதையில் ஒரு மாதிரி. இது எங்கே போனாலும் ஒரே சுருதிதான். ஆனாலும் நம் கராஜ் பாரூக் நானா விடவில்லை. "டீச்சர், எழுதி வச்சுக்கங்க, இது டயர்தான்" என்று முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். டயர்தான் குற்றவாளி என்றால் சத்தமும் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. முன்பக்கத்தில் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு "ஊங்" என்றது. நானா தலையைச் சொறிந்தார். "அப்ப பேரிங்தான்" என்றார், அதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தவர் போல.

பேரிங் என்றால் எந்தப் பக்கத்துப் பேரிங்? இதற்குத்தான் வளைவுகள் வேண்டும். கார் வலப்பக்கம் திரும்பும்போது அதன் பாரமெல்லாம் இடது சக்கரத்தின் மேல் சாய்கிறது. இடப்பக்கம் திரும்பினால் வலது சக்கரத்தின் மேல். தேய்ந்த பேரிங் பாரம் ஏறும்போது அதிகமாக முனகும். நம் தலாத்துஓயா வளைவுகள் இதற்கு உதவாது, அங்கே ஊர்ந்துதான் திரும்ப முடியும். திகன தாண்டி நீளமாக வளைகிற இடங்களில் போன சனிக்கிழமை அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். வலது வளைவில் சத்தம் கூடியது. இடது வளைவில் குறைந்தது. அங்கேயே திருப்பிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இடது பக்கம். அதாவது உன் அப்பாவின் கால்களுக்குச் சரியாக முன்னால். இந்த மனிதர் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "ம்" போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் ஒரு காரியம் செய்தேன். நீ எப்படியும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய், டிக்கெட் பற்றிப் பேசுவாய் என்று தெரியும். வீட்டில் கேட்டால் எழுந்து போய்விடுவார், காரில் எங்கே போவார் என்று நினைத்து, பாதையைப் பார்த்தபடியே கேட்டேன். "என்னங்க, தம்பி மேல உங்களுக்கு இன்னும் கோபமா?" அவர் முன்னால் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். "அவன் வந்தா முகம் குடுத்துப் பேசுவீங்களா, மாட்டீங்களா?" என்றேன். அதற்கு அந்த "ம்" கூட இல்லை. கேக் வாங்கிக் கொடுத்த மனிதர் உள்ளுக்குள் இப்படியா இருக்கிறார், நான்தான் உன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா என்று இரவு முழுவதும் யோசனை. மறுநாள் நீ கேட்டாய். நான் பாலைப் பொங்க வைத்தேன்.

திங்கட்கிழமை காரை நானாவிடம் கொண்டுபோனேன். அவர் காரைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "ஆட்டமே இல்லையே டீச்சர்" என்றார். ஆட்டம் வந்தால்தான் பேரிங் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சத்தம் முதலில் வரும், ஆட்டம் பிறகுதான் வரும். ஆட்டம் வரும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. பிறகு அவரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கென்னவோ வலது பக்கமா கேக்குது" என்றார். காருக்குள் சத்தம் அப்படித்தான் ஏமாற்றும், ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் கேட்கும். நான் இடது என்கிறேன், அவர் வலது என்கிறார். "போயா லீவு முடிஞ்சு வியாழக்கிழமை கொண்டு வாங்க, கழட்டிப் பாத்துருவோம்" என்றார். தவறான பக்கத்தைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கத்தையும் கெடுத்துக்கொள்வதற்கா? வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் அப்பாவின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வாயால், பாதி கையால். அவர் கண் அப்படியே மின்னியது. ஒரு மாதமாகக் காரில் "ம்" போட்ட அதே மனிதர், "பேரிங்கா? அத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கறிச்சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன், பருப்பு நன்றாக வந்திருந்ததால் விட்டேன்.

புதன்கிழமை, பௌர்ணமி போயா அன்று காலை, வாசலில் சீமெந்து போட்ட சமமான இடத்தில் காரை நிறுத்தினோம். நானாவிடம் இரவல் வாங்கிய தாங்கிகளும் ஜாக்கும். அப்பா பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன் பக்கத்தைத் தூக்கித் தாங்கி மேல் நிறுத்தினார். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்குக் கீழே கை விடக் கூடாது, இதை நீ மறந்துவிடாதே. பிறகு வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அதைச் சுற்றிவிட்டு, மறு கையை உள்ளே ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இடது பக்கம் வந்து அதே மாதிரி. இந்த முறை கண்ணைத் திறக்காமலேயே வெளிக் கையைத் தூக்கி, கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக் காட்டினார். ஸ்டோர் பாஷை. பேரிங்கில் மண். நானும் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் வழவழ என்று ஒன்றுமே தெரியவில்லை. இடது பக்கம், சுளகில் அரிசி புடைக்கும்போது விரலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி ஒரு நறநறப்பு. நான் சொன்ன பக்கம்! உடனே உனக்குப் போன் போட்டு, யாருக்கடா காது கேட்கவில்லை என்று கேட்க வேண்டும் போல் இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்துவந்தார். அதன் நுனியைச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இரும்பில், பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஊன்றினார். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். அவர் முகம் மாறியது. "கேக்குது!" என்று கத்தினார். "கேக்குதும்மா, எனக்குக் கேக்குது! எலும்புக்குள்ள கேக்குது!" பரிசு விழுந்தவன் மாதிரி அவ்வளவு சந்தோஷம். "கேக்காம என்ன, நான் ஒரு மாசமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். எழுந்த பிறகுதான் உறைத்தது. ஒரு சத்தம் கேட்டதற்காக ஒரு மனிதன் ஏன் இவ்வளவு சந்தோஷப்பட வேண்டும்?

அவர் மறுபடி கண்ணை மூடி, தானே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் போய், படிக்கட்டுப் பக்கம் நின்று, சாதாரணக் குரலில் சொன்னேன். "என்னங்க, தம்பி வந்திருக்கான்." அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "தம்பி கேட்டுக்கு வெளியே நிக்கிறான்" என்றேன். பக்கத்து வீட்டு நாய் கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது, தம்பி. காரில் அவர் போட்ட "ம்" எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றது. வீட்டில் நாங்கள் முகம் பார்த்துப் பேசுகிறோம், கையால் பேசுகிறோம், அவருக்குக் காது தேவையே இல்லை. காரில் என் கை ஸ்டீயரிங்கில், என் முகம் பாதையில். அங்கே மட்டும் அவர் தனியாள். அங்கேயும், போனிலும்.

முன்னால் போய் உட்கார்ந்து, என் காதைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, "சொன்னா என்ன செய்வ? காரை விட வேகமா என்னையக் கராஜுக்குக் கொண்டு போயிருப்ப" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஸ்டோரை விட்டு வந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகவாம். இயந்திரச் சத்தம் நின்றதும் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், சரியாகிவிடும் என்று இருந்தாராம். சரியாகவில்லை. வெட்கமாக இருந்ததாம். வெட்கமாம்! என்னிடம்! அப்போதுதான் காரில் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டேன், இந்த முறை அவர் முகத்துக்கு நேராக. உன் பெயரைச் சொல்லி, கையைச் சூட்டிலிருந்து வெடுக்கென்று இழுப்பது போலக் காட்டினேன். அவன் மேல் சூடா?

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எனக்கா? அவனுக்குத்தானே என் மேல கோபம்" என்றார். "போன எடுத்தா அவன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறான். அந்தப் பக்கம் கரகரன்னு என்னமோ ஓடும், அவ்வளவுதான். நல்லா இருக்கியான்னு கேட்டா பதில் இல்ல. சரி, அப்பன்கிட்ட பேசப் புடிக்கல போல, அம்மாகிட்ட பேசட்டும்னு குடுத்துர்றேன். கல்யாண விஷயத்தக்கூட நீதானே கைய காட்டிச் சொன்ன. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல அவன்." சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. நீ அவரிடம்தான் முதலில் சொன்னாய் என்று நான் சொன்னேன். நம்பவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். வாளியைக் கீழே போட்டாரே, அப்போதுதான் அவருக்குச் செய்தியே தெரிந்திருக்கிறது. "மொதல்ல எனக்கா சொன்னான்?" என்று அவர் கேட்ட மாதிரி யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. நீ கார் ஓட்டிக்கொண்டு போனில் பேசிப் பேசி, எங்கள் மலையில் வீடியோ உறைந்து உறைந்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேசாதவன் என்று நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லிக்கொண்டு.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பாரூக் நானா இடது பேரிங்கைக் கழற்றினார். குண்டுகள் ஓடும் பாதை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகுழியாக இருந்தது. "சேர் சொன்ன பக்கம் சரிதான்" என்றார் அப்பாவைப் பார்த்து. "டீச்சரும்" என்று நான் நினைவுபடுத்தினேன். புதுப் பேரிங் போட்டு, குண்டசாலைப் பாதையில் அறுபதில் போனோம். சத்தம் போன இடம் தெரியவில்லை. அப்பா காரின் தரையில் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இத்தனை நாளும் கால் கூசியதாம், இரத்த ஓட்டம் சரியில்லை என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டாராம்! வெள்ளிக்கிழமை காது டொக்டரிடம் கூட்டிப்போனேன். இயந்திர இரைச்சல் செய்த வேலைதான் என்றார். போனது முழுவதும் திரும்பாது, ஆனால் காதுக்கருவி நன்றாகவே உதவும் என்றார். இரண்டு காதுக்கும் அளவெடுத்திருக்கிறார்கள். போகிற போக்கில் என் காதையும் பார்க்கச் சொன்னேன். பழுதில்லையாம். இதை நீ நன்றாக இரண்டு தடவை வாசி.

உனக்குப் புத்தி சொல்லாமல் முடித்தால் அது உன் அம்மா எழுதிய கடிதம் இல்லை. காரில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் பாட்டைக் கூட்டி வைத்து அதை மறைக்காதே. எந்த வேகத்தில், எந்த வளைவில் என்று கேள். இன்னொன்று இதைவிட முக்கியம். நெத்மியிடம் பெரிய கேள்வி எதையும் கார் ஓட்டிக்கொண்டே, பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்காதே. ஓரமாக நிறுத்து. முகத்தைப் பார்த்துக் கேள். ஒரு "ம்" வந்தால், அதற்கு நீயாக ஒரு அர்த்தம் போட்டுக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் கெடுத்துக்கொண்டது போதும்.

இனி டிக்கெட் போடு. இன்றைக்கே போடு. நானே கார் ஓட்டிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு வருவேன், விற்கச் சொன்ன அதே காரில்தான் உன்னை ஏற்றுவேன். அப்பா இப்போதே பின் சீட்டுக்கு மாறத் தயாராகிவிட்டார், மருமகள் முன்னால் உட்கார்ந்து மலையைப் பார்க்க வேண்டுமாம். கருவி அதற்குள் வந்துவிடும். ஆனால் அந்த விமான நிலைய இரைச்சலில் அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று தெரியாது. அங்கே எல்லோரும் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் யார் சொல்வதும் கேட்காது. நீயும் அப்பாவும் மட்டும் தூரத்திலிருந்தே பேசலாம். வெளியே வந்ததும் கூட்டத்துக்கு மேலே ஒரு கையைத் தேடு. அது விரல்களைக் குவித்துக்கொண்டு வாய்ப் பக்கம் போகும். நெத்மி கையில் பெட்டியைக் கொடுத்துவிடு. பிளேனில் என்ன தின்றிருந்தாலும் சரி, இல்லை என்று இரண்டு கையையும் நன்றாக விரித்துக் காட்டு. ஒரு பணிஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் அங்கே நிற்பார்.

அம்மா